குளிர் காலையில் ஆடும் முள்



தோட்டப்புறத்தில் ஒரு பழைய வண்டி என்பது ஒரு குடும்பத்தின் சொத்து மட்டும் அன்று; ஒரு லயத்துக்கே அது கால். கொழுந்து மூட்டையை ஏற்றிச் செல்வதும் அதுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவதும் அதுதான். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுதான். அந்த வண்டி நம்மோடு பேசுவதற்கு வைத்திருக்கும் வாய் ஒன்றே ஒன்று. அதுதான் மீட்டர் பலகை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா, எண்ணெய் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்பதையெல்லாம் சின்னஞ்சிறு முட்களும் விளக்குகளும் நமக்குச் சொல்லுகின்றன.

அந்த முட்கள் பொய் சொல்லத் தொடங்கினால் என்ன செய்வது? குறிப்பாக, குளிர் மிகுந்த காலை நேரத்தில் முள் தாறுமாறாக ஆடினால் எங்கே தொடங்கி, எந்த வரிசையில் சோதிப்பது? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

"நம் நாட்டில் குளிர் ஏது?" என்று சமவெளித் தோட்டங்களில் இருக்கும் நேயர்கள் கேட்கக்கூடும். கேமரன் மலையில் இருப்பவர்களை அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். 1885-ஆம் ஆண்டில் அம்மலைப் பகுதியை அளக்கச் சென்ற வில்லியம் கேமரன் என்பவரின் பெயரைத் தாங்கிய இடம் அது. 1929-இல் அங்கே தேயிலைத் தோட்டம் தோன்றியது. தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 20 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும் வெப்பம் விடியற்காலையில் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு மூடுபனியும் சாரலும் உண்டு. அந்த மலைச்சரிவுகளில் இன்றும் ஓடுகிற பழைய லேண்ட் ரோவர் வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1948-இல் முதன்முதலாக வெளிவந்த அந்த வகை வண்டியின் பழைய வரிசைகள் 1985-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டன. ஆகவே, அவற்றுள் மிக இளைய வண்டிக்கும் இன்று குறைந்தது நாற்பது வயதாகிறது. அந்த வண்டியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஆயினும், சொல்லப்போகும் முறை பழைய லாரிக்கும் காருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்வோம். 15 டிகிரிக் குளிர் ஒரு மீட்டரைக் கெடுத்துவிடாது. இந்த வண்டிகள் உறைபனி விழும் நாட்டில் பிறந்தவை. அப்படியானால் காலையில் மட்டும் ஏன் முள் ஆடுகிறது? ஏற்கெனவே இருக்கும் குறையைக் குளிர் வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். இரவெல்லாம் குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாகப் படிகிறது. துருவும் பச்சைக் களிம்பும் பிடித்த இணைப்புகளில் அந்த ஈரம் புகுந்துகொள்கிறது. உலோகம் குளிரில் சற்றே சுருங்க, தளர்ந்திருந்த இணைப்பு மேலும் தளர்கிறது. பேட்டரியின் வலுவும் குளிரில் குறைகிறது. அதே வேளையில் கெட்டியான எண்ணெயைக் கலக்கி எஞ்சினைச் சுழற்ற அதிக வலு தேவைப்படுகிறது. வெயில் ஏறியதும் ஈரம் காய்ந்துவிடும், முள்ளும் அடங்கிவிடும். நாமும் "சரியாகிவிட்டது" என்று மறந்துவிடுவோம். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நோய் போகவில்லை; காய்ச்சல் மட்டுமே தணிந்திருக்கிறது.

அடுத்து, எது குறை, எது இயல்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆடுகிற முள் எல்லாம் பழுதான முள் அல்ல.

காலையில் சாவியைத் திருப்பியவுடன் பெட்ரோல் முள் மெல்ல மெல்ல ஏறுகிறதா? அது இயல்பு. இந்த மீட்டருக்குள் இருவகை உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு தகடு இருக்கிறது. மின்சாரம் அதைச் சூடாக்க, தகடு வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. சூடேற நேரம் பிடிக்கும் அல்லவா? எனவே, முதல் ஓரிரு நிமிடங்களில் முள் காட்டும் கணக்கை நம்ப வேண்டாம்.

எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் இருந்தால், குளிர்ந்த காலையில் அது வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும். குளிரில் எண்ணெய் கெட்டியாக இருப்பதே காரணம். சூடேறியதும் இறங்கிவிடும். அதுவும் இயல்பு.

பேட்டரிக்கு மின்சாரம் ஏறுவதைக் காட்டும் மீட்டர் சில வண்டிகளில் உண்டு. எஞ்சின் கிளம்பியவுடன் அது அதிகமாகக் காட்டி, சற்று நேரம் சென்றதும் நடுவுக்கு வரும். கிளப்புவதற்குச் செலவான மின்சாரத்தைப் பேட்டரி திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அதுவும் இயல்பே.

பிரிஞ்சாங்கிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும்போது வெப்ப முள் கீழே வருகிறதா? நீண்ட இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை குறைவு. எதிர்க்காற்றும் குளிர்ந்த காற்று. எஞ்சின் உண்மையிலேயே குளிர்கிறது. முள் உள்ளதைத்தான் சொல்கிறது. ஆனால், சமமான பாதையில் அரை மணி நேரம் ஓடியும் முள் மேலே வரவே இல்லை என்றால், தண்ணீர்ப் பாதையில் இருக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது முன்னொரு நாள் யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கலாம். "வெயில் நாட்டுக்கு அது எதற்கு?" என்று கழற்றிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மலைக் குளிரில் அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டை அடையாமல் பெட்ரோலை வீணாக்கும். விரைவில் தேய்ந்தும் போகும்.

பெட்ரோல் முள் ஏற்றத்தில் ஒரு கணக்கும் இறக்கத்தில் ஒரு கணக்கும் காட்டுகிறதா? தொட்டிக்குள் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அதன்மேல் மிதக்கும் மிதவையும் சாய்கிறது. சமதரையில் நிறுத்திப் பார்த்ததே சரியான கணக்கு.

இனி, பழுது என்று தெரிந்தபின் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். அதற்கு முன் பாதுகாப்பு. மீட்டர் பலகையின் பின்னால் கையை விடுவதற்கு முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். எர்த் பக்கத்தை முதலில் கழற்றுவோம்; மாட்டும்போது கடைசியாக மாட்டுவோம். மோதிரம், உலோகப் பட்டையுள்ள கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைப்போம். பெட்ரோல் தொட்டிக்கு அருகில் சுருட்டு, சிகரெட், மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் கூடாது. தீப்பொறி எழும் எந்தச் சோதனையையும் அங்கே செய்யக்கூடாது. குளிருக்குப் பயந்து கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடக்கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும்.

முதல் வேலை, கருவியைத் தொடுவதன்று, கவனிப்பது. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை வண்டியில் வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் ஓட்டட்டும், பக்கத்தில் இருக்கும் மனைவியோ மகனோ மகளோ எழுதட்டும். எந்த முள் ஆடுகிறது? ஒன்றா, இரண்டா? எப்போது ஆடுகிறது? விளக்கைப் போட்டாலா, பிரேக்கை மிதித்தாலா, குழியில் இறங்கினாலா? எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது? இந்த நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? சிக்னல் விளக்கு மின்னும்போதெல்லாம் அதே தாளத்தில் முள்ளும் துடித்தால், மீட்டர் பலகையின் எர்த் பழுது. பிரேக்கை மிதிக்கும்போது பெட்ரோல் முள் மட்டும் அசைந்தால், வண்டியின் பின்பக்கத்து எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். குழியில் விழும்போது மட்டும் ஆடினால் எங்கோ ஓர் ஒயர் தளர்ந்திருக்கிறது. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே தவறாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் குறை. ஒன்று மட்டும் தவறினால், அந்த ஒன்றுக்கு உரிய பாதையில் குறை.

இரண்டாம் வேலை, பேட்டரி. அதன் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் சோடா உப்பு கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக மாட்டி, மேலே சிறிது கிரீஸ் பூசுவோம். கழுவும் நீர் பேட்டரியின் உள்ளே போகக் கூடாது. இப்போது மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. இரவெல்லாம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். அப்படி ஏறவில்லை என்றால் பேன் பெல்ட்டைப் பார்ப்போம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமிழலாம். அதற்கு மேல் தொய்ந்திருந்தால் பனி ஈரத்தில் வழுக்கும். காலையில் கிறீச்சென்று கத்தும். சிவப்பு விளக்கும் மங்கலாக எரியும்.

மூன்றாம் வேலை, எர்த். பழைய வண்டியில் ஆடும் முட்களுக்கு இதுவே முதல் காரணம் என்று சொன்னாலும் தகும். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். திரும்பும் வழிதான் எர்த். லேண்ட் ரோவர் வண்டிக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. அதன் உடல் தகடு அலுமினியக் கலவை, அடிச்சட்டம் இரும்பு. இவ்விரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். வெளியே பார்த்தால் திருகாணி இறுக்கமாகத்தான் இருக்கும். உள்ளேயோ வெள்ளைப் பொடி மூடியிருக்கும். ஆகவே, ஒவ்வோர் எர்த் இணைப்பையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, திரும்ப இறுக்கி, ஈரம் புகாமல் கிரீஸ் பூச வேண்டும். எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் பின்னல் பட்டையை மறக்கக்கூடாது. அது அறுந்திருந்தால் எஞ்சின் சோம்பலாகச் சுழலும். வெப்ப முள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சில நேரம் மின்சாரம் வேறு வழி தேடிச் சோக் கம்பி வழியாக ஓட, அந்தக் கம்பி தொட்டால் சுடும். சோக் கம்பி சுடுகிறது என்றால் எர்த் பட்டையைப் பாருங்கள்.

எர்த்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நீளமான தனி ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை மீட்டரின் உலோக உடலிலும் தொட்டுப் பிடிப்போம். ஆடிய முள் உடனே அடங்கினால் குற்றவாளி அகப்பட்டான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மிகப் பழைய சில வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கமே எர்த்தாக இருக்கும். எந்தப் பக்கத்து ஒயர் அடிச்சட்டத்துக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே தொட வேண்டும்.

நான்காம் வேலை, வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர். மீட்டர் பலகையின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறியதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். பேட்டரியின் மின்சாரம் 12-க்கும் 14-க்கும் இடையே ஏறி இறங்கும். அதை அப்படியே கொடுத்தால் மீட்டரும் ஏறி இறங்கும். எனவே இந்தப் பெட்டி மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் மட்டும் கிடைக்கும்படி செய்கிறது. பெட்ரோல் மீட்டருக்கும் வெப்ப மீட்டருக்கும் இது ஒன்றே சோறு போடுகிறது. இதன் எர்த் போய்விட்டால் முழு 12 வோல்ட்டும் பாய, இரண்டு முட்களும் உயர்த்திக் காட்டும். இது மின்சாரமே விடாமல் நின்றுவிட்டால் இரண்டு முட்களும் கீழே படுத்துவிடும்.

இந்த இரண்டு நிலைகளையும் நன்றாகக் கேளுங்கள், நேயர்களே. முட்கள் உயர்ந்து நின்றால், தொட்டி காலியாகும்போதும் கால் தொட்டி இருப்பதாக முள் சாதிக்கும். நோயாளியை ஏற்றிக்கொண்டு நடுமலையில் நிற்க நேரும். முட்கள் படுத்துவிட்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் "குளிர்ச்சியாக இருக்கிறேன்" என்று முள் சொல்லும். எஞ்சின் தலை வளைந்து, பல மாதச் சேமிப்பு ஒரே பிற்பகலில் கரைந்துபோகும். விரல் அளவுப் பெட்டி செய்கிற வேலை இது!

இதைச் சோதிக்க 12 வோல்ட் சிறு பல்பில் இரண்டு ஒயர் இணைத்துக்கொண்டால் போதும். பெட்டியின் வெளியேறும் முனையில் ஓர் ஒயரையும் எர்த்தில் மற்றதையும் வைத்துச் சாவியைத் திருப்புவோம். சற்று நேரத்தில் பல்பு அணைந்து அணைந்து எரிந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் முதலில் பெட்டியின் எர்த்தைத் தேய்த்துச் சுத்தம் செய்வோம்; அதன்பிறகும் மாறவில்லை என்றால் பெட்டி பழுது. எரியவே இல்லை என்றால், உள்ளே வரும் மின்சாரத்தையும் பியூஸையும் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் குறை சொல்ல வேண்டும். மல்டிமீட்டரில் எண்கள் தாவுவதைப் பார்த்துவிட்டு "கெட்டுவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். தாவுவதே அதன் தொழில். மாற்ற நேர்ந்தால், அசையும் பாகம் இல்லாத எலெக்ட்ரானிக் வகையும் இப்போது கிடைக்கிறது. அதில் பல்பு மின்னாது, சீராக எரியும்.

ஐந்தாம் வேலை, தனி முள்ளின் பாதை. பெட்ரோல் முள் மட்டும் தவறினால், தொட்டியிலிருந்து வரும் ஒயரின் இணைப்பைத் தொட்டிக்குத் தொலைவான ஓர் இடத்தில், அதாவது மீட்டரின் பக்கத்தில், பிரித்துக்கொள்வோம். அதைத் தனியே விட்டுச் சாவியைத் திருப்பினால் முள் காலியைக் காட்ட வேண்டும். சாவியை அணைத்து, மீட்டர் முனையை எர்த்தோடு இணைத்து, மீண்டும் திருப்பினால் முள் மெல்ல ஏறி நிறைவைத் தொட வேண்டும். தொட்டவுடன் அணைத்துவிடுவோம், நெடுநேரம் விடக்கூடாது. இப்படி இரண்டு முனைக்கும் முள் போய் வந்தால் மீட்டர் நல்ல மீட்டர். குறை ஒயரிலோ தொட்டிக்குள் இருக்கும் மிதவைக் கருவியிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. வெப்ப முள்ளுக்கும் இதே சோதனைதான்: பிரித்தால் குளிர், எர்த்தைத் தொட்டால் சூடு.

எஞ்சினில் திருகியிருக்கும் வெப்ப உணர்வியின் புரியில் பிளம்பர் நாடா சுற்றி மாட்டுபவர்கள் உண்டு. அந்த உணர்விக்குப் புரியே எர்த். அதில் நாடாவைச் சுற்றினால் மின்சாரத்தின் வழியை நாமே அடைத்தது போலாகும். முள் குறைத்துக் காட்டும்.

தொட்டியைப் பற்றி இன்னொரு செய்தி. மலைப்பகுதியில் இரவு முழுதும் தொட்டியைப் பாதி காலியாக விட்டால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் சுவரில் நீராய்ப் படிந்து அடியில் இறங்கும். துரு பிடிக்கும், மிதவைக் கருவி சிக்கும். முடிந்தவரை மாலையில் நிரப்பி வைப்பது நல்லது.

ஆறாம் வேலை, வேக மீட்டர். இது மின்சாரத்தால் ஓடுவதன்று. கியர் பெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வளையும் கம்பி சுழன்றுகொண்டே வந்து முள்ளை இயக்குகிறது. காலையில் முள் 20-க்கும் 40-க்கும் தாவிக் குதித்து, கீச்சுக் குரலும் எழுப்பி, சில கிலோமீட்டர் ஓடியபின் அடங்கினால், கம்பியில் உள்ள பழைய கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டது என்று பொருள். உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிய கிரீஸைச் சிறிதளவு தடவி, திரும்பச் செருகலாம். மீட்டர் பக்கத்து முனையில் ஒரு சாண் நீளம் கிரீஸ் வேண்டாம்; அங்கே பூசினால் அது மேலேறி மீட்டருக்குள் புகுந்துவிடும். கம்பியில் பிசிறோ மடிப்போ இருந்தால் மாற்றுவதுதான் வழி.

ஆக, வரிசை இதுதான்: கவனிப்பு, பேட்டரி, எர்த், ஸ்டெபிலைசர், ஒயரும் உணர்வியும், வேக மீட்டராயிருந்தால் கம்பி. மீட்டரை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் குறை சொல்ல வேண்டும்.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பார்ப்போம். கணவர் பழைய லேண்ட் ரோவர் ஓட்டுகிறார். காலையில் வெப்ப முள் சிவப்பைத் தொடுகிறது. பட்டறைக்குப் போனால், "ரேடியேட்டரை மாற்றிவிடலாம்" என்கிறார்கள். வீட்டிலே பேச்சு நடக்கிறது.

"ஏங்க, சூட்டு முள்ளு ஏறுறப்போ பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறுதே, கவனிச்சீங்களா?"

"ஆமாம்மா, நேத்து பாதித் தொட்டிதான் இருந்திச்சு. முள்ளு முழுசுன்னு காட்டுச்சு."

"விளக்கு போட்டப்போ ரெண்டும் ஒண்ணா அசைஞ்சுச்சுன்னு பெரியவன் நோட்டுல எழுதி வச்சிருக்கான். ரேடியேட்டர் கெட்டுப்போனா பெட்ரோல் முள்ளு ஏன்ங்க ஏறணும்?"

அந்த அம்மையார் கேட்ட கேள்வி எவ்வளவு கூர்மையானது! தண்ணீர் சூடானால் பெட்ரோல் பெருகுமா? பெருகாது. எனவே, குறை தண்ணீரில் இல்லை; இரண்டு மீட்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டு, ஸ்டெபிலைசரின் எர்த்துத் திருகாணியைக் கழற்றித் தேய்த்து மாட்டினார்கள். இரண்டு முட்களும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. செலவு, ஒரு துண்டு உப்புத்தாள். புதிய ரேடியேட்டர் வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும், முள்ளும் ஆடிக்கொண்டே இருந்திருக்கும். பட்டறைக்காரரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. நாம் கவனித்ததை எழுதிக்கொண்டு போய் அவரிடம் காட்டினால், நல்ல தொழிலாளிக்கு அது பெரிய உதவி.

ஆனால், இந்தக் கதையைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடாது. "எப்போதும் ஆடுகிற முள்தானே" என்று அலட்சியமாக இருப்பது எல்லாவற்றையும்விடக் கெட்ட பழக்கம். சந்தேகம் தீரும்வரை முள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். வெப்ப முள் உயர்ந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், தானா ராத்தாவின் உயரத்தில் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே அந்த மூடி தரும் அழுத்தந்தான் நீரைக் கொதிக்கவிடாமல் காக்கிறது. திறந்தால் வெந்நீர் முகத்தில் பீய்ச்சும்.

எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு இன்னும் முக்கியம். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பிய சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டாலோ ஓடும்போது எரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். எண்ணெய்க் கோலை உருவி அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், அழுத்தம் இருக்கிறது என்று தெரியாமல் எஞ்சினை மீண்டும் ஓட்டக்கூடாது. சாவியைத் திருப்பியும் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். காவல்காரன் உறங்குகிறான் என்று பொருள். பல்பையும் ஒயரையும் அன்றே பாருங்கள்.

மீட்டர் சீராகும்வரை நம் கையே மீட்டர். காலையில் புறப்படும் முன் ஆறிய எஞ்சினில் தண்ணீரைப் பாருங்கள். எண்ணெய்க் கோலைப் பாருங்கள். தொட்டியின் வாய் நேராக இருந்தால் சுத்தமான மரக்குச்சியை விட்டுப் பெட்ரோலை அளக்கலாம். வளைந்த குழாயாக இருந்தால், நிரப்பிய நாளையும் ஓடிய கிலோமீட்டரையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்.

நேயர்களே, இதில் பெரிய படிப்பு எதுவும் இல்லை. ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு சிறு பல்பு, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். கூடவே பொறுமையும் வேண்டும். தந்தை சோதிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்கட்டும். இந்த முள் ஏன் ஆடுகிறது என்று கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை ஒரு நல்ல மெக்கானிக்காகவோ பொறியியலாளராகவோ வரக்கூடும். அப்படி வராவிட்டாலும், காரணம் கேட்காமல் காசை எடுத்து நீட்டாத மனிதனாக வளரும்.

நாளைக் காலை வண்டியைக் கிளப்பும்போது, சாவியைத் திருப்பிவிட்டு ஒரு கணம் நிறுத்தி, விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பாருங்கள். அந்த ஒரு கணத்திலிருந்து தொடங்குவோம்.